மாங்குளத்தில 30 மைல் வட்டம் கீறினா: டொக்டர்மாரின்ர ஒப்பந்தம் பற்றி ஒரு கேள்வி

#1 கனகராயன்

எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா இங்க உரமானியம், குளத்துத் தண்ணி எண்டுதான் எழுதுறது. இது வேற விசயம்.

என்ர தங்கச்சியின்ர மகள் அமெரிக்காவில, ரெக்சாசில ஒரு சின்ன ரவுணில குடும்ப வைத்தியரா இருக்கிறா. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில படிச்சவ. அங்க போய் அவையின்ர சோதினையெல்லாம் திரும்ப எழுதி, மூண்டு வருசம் றெசிடென்சி எண்ட ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிச்சு, 2022இல ஒரு ஆஸ்பத்திரிக் கொம்பனியோட கையெழுத்து வைச்சவ. இப்ப அங்கயிருந்து விலகி, அதே ரவுணில இருக்கிற வேற கிளினிக் ஒண்டுக்குப் போக யோசிக்கிறா. காசுக்காக இல்லை. ஒரு ஆளுக்குப் பதினைஞ்சு நிமிசத்துக்கு மேல குடுக்கவேண்டாம் எண்டு நெருக்குகினமாம்.

ஆனா போகேலாது. ஒப்பந்தத்தில "நொன் கொம்பீற்" எண்டு ஒரு பந்தி கிடக்கு. விலகினா ரெண்டு வருசத்துக்கு, அந்த ஆஸ்பத்திரியில இருந்து 30 மைலுக்குள்ள எங்கயும் வைத்தியம் பாக்கக்கூடாது. கடையில வைச்சு நோயாளி ஒருத்தர் கண்டு, "எங்க போறீங்கள் டொக்டர்?" எண்டு கேட்டாலும் வாயைத் திறக்கப் பயமா இருக்காம். தள்ளிப் போய் ஒரு இடம் எடுத்தாலும், "கிரெடென்சியலிங்" எண்டு நாலு மாசம் கடுதாசி பாப்பினமாம். அதுவரைக்கும் சும்மா இருக்கவேணும்.

நான் சும்மா ஒரு வேலை செய்து பாத்தன். 30 மைல் எண்டால் 48 கிலோமீற்றர். வரைபடத்தில மாங்குளம் சந்தியில கவராயத்தைக் குத்தி வட்டம் கீறினன். கிளிநொச்சி உள்ளுக்க. வவுனியா ரவுண் உள்ளுக்க. முல்லைத்தீவும் உள்ளுக்க. மல்லாவியைச் சொல்லத் தேவையில்லை. மன்னார் மட்டும் தப்பீற்று. மாங்குளத்தில இருக்கிற ஒரு டொக்டருக்கு இந்த நிபந்தனை இருந்தா, அவர் வன்னியை விட்டே போகவேணும்.

என்ர கேள்வி இதுதான். இது எங்கட டொக்டர்மார் அரசாங்கத்துக்கு வைக்கிற பொண்ட் மாதிரித்தானே? இல்லை, வேற சாமானோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 நெடுங்கேணியான்_ரொறன்ரோ

மாஸ்ரர், பிள்ளையைக் கனடாவுக்கு வரச்சொல்லுங்கோ. ஒன்ராறியோவில 2021 ஒக்ரோபர் 25இல இருந்து வேலையாக்களுக்கு நொன் கொம்பீற் போடேலாது. சட்டமே வந்திட்டுது.

#3 கோட்டடி

நெடுங்கேணியான் தம்பி, பாதிதான் சரி. அந்தச் சட்டம் தொழில்கொள்வோன், தொழிலாளி உறவுக்கு மட்டும்தான். ஒன்ராறியோவில கனக்கக் குடும்ப வைத்தியர்மார் சம்பளக்காரர் இல்லை, சுயதொழில் கணக்கு. அவைக்கு இந்தத் தடை நேரா உதவாது. அங்கயும் ஒப்பந்தத்தை வாசிச்சுப் போட்டுத்தான் கையெழுத்து வைக்கவேணும்.

மாஸ்ரரின்ர கேள்விக்கு இரவைக்கு ஆறுதலா எழுதுறன். இப்ப கோட்டில நிக்கிறன்.

#4 விதைநெல்லு

எனக்கு உந்தச் சட்டம் ஒண்டும் விளங்காது. குத்தகைக்கு வயல் செய்யிறவனிட்ட, குத்தகை முடிஞ்சாப் பிறகு நீ இந்தக் குளத்துக்குக் கீழ எங்கயும் விதைக்கக்கூடாது எண்டு காணிக்காரன் சொன்னா நாங்கள் கேட்டுக்கொண்டு இருப்பமோ? காணி உன்ர, சரி. தொழில் என்ரதெல்லே?

#5 வெள்ளைக்கோட்டு

மாஸ்ரர், நான் வன்னியில ஒரு அரச ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்லை, குறை நினைக்காதேங்கோ.

பொண்டும் நொன் கொம்பீற்றும் ஒண்டில்லை. பொண்ட் எண்டால், "நில், இல்லாட்டிக் காசைக் கட்டிப்போட்டுப் போ." நொன் கொம்பீற் எண்டால், "போ, ஆனா கிட்ட நிக்காதை." கையெழுத்து வைக்கிற எங்களுக்கு ரெண்டும் கட்டுப்பாடுதான். நோயாளியின்ர பக்கம் இருந்து பாருங்கோ, ரெண்டும் நேர் எதிர்த் திசை. ஒண்டு டொக்டரை ஊரில வைச்சிருக்கப் பாக்குது. மற்றது ஊரை விட்டுக் கலைக்குது. நியூயோர்க் மாதிரி இடத்தில ஒருத்தர் போனா மூலைக்கு மூலை வேற ஆள் இருக்கு. டொக்டர் குறைஞ்ச இடத்தில 30 மைல் வட்டம் போட்டா, தண்டனை டொக்டருக்கு இல்லை. மருமகள் வேற ரவுணில வேலை எடுப்பா, சம்பளம் கூடவும் கிடைக்கலாம். அவவிட்டச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுத்த கிழவன் என்ன செய்யிறது?

இதில ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்காவே டொக்டர் குறைஞ்ச ஊருகளுக்கு எண்டு ஒரு ஏற்பாடு வைச்சிருக்கு. கொன்ராட் 30 எண்டு பேர். பயிற்சி விசாவில போன வெளிநாட்டு டொக்டர்மார் பயிற்சி முடியத் திரும்பிப் போகவேணும் எண்ட விதியைத் தளர்த்தி, அப்பிடியான ஊரில மூண்டு வருசம் வேலை செய்யச் சொல்லுது. ஒரு மாநிலத்துக்கு வருசம் 30 பேர். ஒரு கையால டொக்டரைக் கூப்பிட்டு ஊரில இருத்துது, மற்றக் கையால கொம்பனிக்காரன் வட்டம் போட விடுது.

எங்கட பொண்டும் திறம் எண்டு நான் சொல்லவரேல்லை. பிஜிஐஎம் எண்ட மருத்துவ மேற்படிப்பு நிறுவகத்தில எம்டி முடிச்சு, சம்பளத்தோட வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகேக்க வைக்கிறது அது. திரும்பி வந்து குறிச்ச காலம் அரச சேவையில நிக்கவேணும், இல்லாட்டிப் பிணை நிண்ட ஆக்களையும் பிடிப்பினம். ஆனா அந்தப் பொண்ட் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டது, வன்னிக்கு இல்லை. முதல் நியமனம் முல்லைத்தீவு எண்டு வாறவர், வருடாந்த இடமாற்றத்தில கண்டிக்கோ கொழும்புக்கோ போனாலும் பொண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவரில பிழை சொல்லேலாது, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் அங்க. அவரின்ர கதிரைக்கு அடுத்த ஆள் எப்ப வாறார் எண்டதுதான் கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தினை பேர் வெளிநாடு போட்டினம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

#6 பாலைப்பழம்

நான் கிளினிக்கில நிக்கிற நேர்ஸ். டொக்டர் சொன்னதுக்கு ஒண்டு சேர்க்கிறன்.

எங்களிட்ட வாற அம்மாமார் கொண்டுவாற பையைப் பாத்திருக்கிறியளோ? புடவைக்கடைச் சொப்பிங் பாக்குக்குள்ள கிளினிக் கொப்பி, அதுக்குள்ள மடிச்ச ரத்தப் பரிசோதனைத் துண்டு, ஈசிஜி தாள். அந்தத் தாள் வெயில் பட்டு வெளிறி, கோடே தெரியாமல் வெறும் றோஸ் கட்டம்தான் மிஞ்சி இருக்கும். ஆனா கொப்பி இருக்கு. நாலு டொக்டரின்ர நாலு விதக் கையெழுத்து, எந்த மாசம் எந்தக் குளிசையைக் கூட்டினது, எதுக்குக் கடி வந்து நிப்பாட்டினது, எல்லாம் அதுக்குள்ள. டொக்டர் மாறிப் போனாலும் கதை அந்த அம்மாவின்ர கையில இருக்கு. புது டொக்டர் முதல் நாள் வந்து அதைப் பிரட்டிப் பாத்துத்தான் தொடங்குவார்.

அமெரிக்காவில எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள எண்டு பெருமையாச் சொல்லுகினம். அந்தக் கொம்பியூட்டர் ஆஸ்பத்திரிக் கொம்பனியின்ர. மாஸ்ரரின்ர மருமகள் போனாப் பிறகு, அவ எங்க போனவ எண்டு நோயாளிக்கு ஆர் சொல்லுறது? கோப்பை ஆர் அனுப்புறது? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

#7 கோட்டடி

மாஸ்ரர், இப்ப விரிவா எழுதுறன். நான் அமெரிக்க வக்கீல் இல்லை. வாசிச்சறிஞ்சதைச் சொல்லுறன், பிள்ளை அந்த ஊர் வக்கீல் ஒருத்தரிட்டக் கட்டாயம் ஒப்பந்தத்தைக் காட்டவேணும்.

முதல்ல, அமெரிக்காவில இதுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேற. கலிபோர்னியாவில 1872இல இருந்தே இப்பிடியான நிபந்தனை செல்லாது. அதே 1872இலதான் இந்தியாவில ஒப்பந்தச் சட்டம் வந்தது, அதின்ர 27ஆம் பிரிவும் தொழில் செய்யிறதைத் தடுக்கிற உடன்படிக்கை செல்லாது எண்டுது. நியூயோர்க்குக்கு எண்டு டேவிட் டட்லி பீல்ட் எழுதின சட்ட வரைவுதான் ரெண்டுக்கும் மூலம். நியூயோர்க்காரர் அதை எடுக்கேல்லை, கலிபோர்னியாவும் இந்தியாவும் எடுத்தது. (நீதிமன்ற வாசலில நிக்கிறவனுக்கு உப்பிடிக் கதையள் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.) மசச்சூசெற்ஸ் 1977இல டொக்டர்மாருக்கு மட்டும் தனியாத் தடை கொண்டுவந்தது.

நாடு முழுக்கத் தடை செய்ய ஒரு முயற்சி நடந்தது. 2024 ஏப்ரலில பெடரல் வர்த்தக ஆணைக்குழு மூண்டுக்கு ரெண்டு வாக்கில விதி கொண்டுவந்தது. அந்த விதி நடைமுறைக்கு வர ரெண்டு கிழமை இருக்கேக்க, ஓகஸ்ட் 20ஆம் திகதி, உங்கட மருமகள் இருக்கிற அதே ரெக்சாசில ஒரு சமஷ்டி நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ஆணைக்குழு மேன்முறையீடு செய்து, 2025 செப்ரெம்பரில அதையும் கைவிட்டிட்டுது. விதி நிண்டிருந்தாலும் வைத்தியத்துறைக்கு முழுசா உதவியிருக்காது, ஏனெண்டால் இலாபநோக்கில்லாத நிறுவனங்களில அந்த ஆணைக்குழுவுக்கு அதிகாரம் மட்டு. அங்கத்தைய ஆஸ்பத்திரியளில பெரும்பாலானது பேருக்கு அந்த வகைதான். கோடிக்கணக்கில வருமானம், பலகையில "இலாபநோக்கற்றது".

இனி ரெக்சாஸ். இது பாலைப்பழம் அக்காவின்ர கேள்விக்கும் பதில். அங்க டொக்டர்மாரின்ர நொன் கொம்பீற் செல்லுபடியாக வேணுமெண்டால், சில விசயம் அதுக்குள்ள கட்டாயம் இருக்கவேணும். விலகிற டொக்டர் கடைசி ஒரு வருசத்தில பாத்த நோயாளிமாரின்ர பட்டியலை அவருக்கு மறுக்கக்கூடாது. நோயாளி சம்மதிச்சா மருத்துவக் குறிப்புகளைக் குடுக்கவேணும். கடும் வருத்தத்தில நடுவில நிக்கிற நோயாளியைத் தொடர்ந்து பாக்கிறதைத் தடுக்கக்கூடாது. காசு கட்டி நிபந்தனையில இருந்து வெளிய வர வழியும் வேணும். மருமகளின்ர ஒப்பந்தத்தில இதில ஒண்டு விடுபட்டிருந்தாலும் வக்கீல் அதைப் பிடிச்சு ஏறுவார்.

2025இல இன்னும் இறுக்கிப்போட்டினம். அந்த வருசம் செப்ரெம்பர் 1இல இருந்து எழுதின, அல்லது புதுப்பிச்ச ஒப்பந்தம் எண்டால் தூரம் 5 மைல்தான், காலம் ஒரு வருசம்தான், வெளிய வாறதுக்குக் கட்டுற காசும் டொக்டரின்ர ஒரு வருசச் சம்பளத்துக்கு மேல போகேலாது. டொக்டரைக் காரணமில்லாமல் நிப்பாட்டினா நிபந்தனையே செல்லாது. மருமகளின்ரது 2022. தானாப் புதுப்பிக்கிற பந்தி இருக்கோ, எந்தத் திகதியில புதுப்பிச்சது எண்டு முதல் பாக்கச் சொல்லுங்கோ. எல்லாம் அந்தத் திகதியிலதான் நிக்குது.

#8 கனகராயன்

கோட்டடி, பெரிய உதவி. பிள்ளைக்கு அப்பிடியே அனுப்பீற்றன். ஒப்பந்தத்தில "ஒவ்வொரு வருசமும் தானாப் புதுப்பிக்கப்படும்" எண்டு இருக்காம். மாசம் ஒக்ரோபர். வக்கீலிட்ட வாற கிழமை போறா.

5 மைல் எண்டால் 8 கிலோமீற்றர். மாங்குளத்தில இருந்து கீறினா பனிக்கன்குளமும் சுத்திவரக் காடும்தான். அது பறவாயில்லை.

#9 கணக்குப்பிள்ளை

எல்லாரும் ஒரே பக்கம் சாயிறியள். நான் தனியார் ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதியில கனகாலம் இருந்தவன். மற்றப் பக்கத்தையும் கேளுங்கோ.

ஒரு சின்ன ஊரில ஆஸ்பத்திரி ஒரு டொக்டரைக் கொண்டந்து இருத்துது. வீடு எடுத்துக் குடுக்குது, வரவுக்கு முற்பணம் குடுக்குது. முதல் ஒண்டரை ரெண்டு வருசம் அவரிட்ட நோயாளி வராது, சம்பளம் மட்டும் போகும். விளம்பரம், நேர்ஸ், ஸ்கான் மெசின் எல்லாம் ஆஸ்பத்திரியின்ர. ஆள் பேர் எடுத்த உடன எதிர் றோட்டில இருக்கிறவன் கூடக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போறான். அவரோட நோயாளியும் போகுது. அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடினா ஊருக்கு நட்டமில்லையோ?

#10 கோட்டடி

கணக்குப்பிள்ளை எழுதியது: *"எதிர் றோட்டில இருக்கிறவன் கூடக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போறான்"*

நட்டம் உண்மை. அப்ப நட்டத்தைக் கேளுங்கோ. குடுத்த முற்பணத்தில மிச்சக் காலத்துக்கு உரியதைத் திருப்பி வாங்கலாம், அது நியாயம். ஆள் ஊரில வைத்தியமே பாக்கக்கூடாது எண்டு தடுத்தா உங்கட முற்பணம் திரும்பி வருமோ? வராது. எதிர் றோட்டுக்காரனுக்குப் போட்டி இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

1894இல இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த நோர்டன்பெல்ற் வழக்கில இருந்து ஒரே அளவுகோல்தான். தடை ரெண்டு தரப்புக்கும் நியாயமா இருக்கவேணும், பொதுமக்களுக்கும் கேடு வரக்கூடாது. அந்த வழக்கு துவக்கு வித்தவனைப் பற்றினது. துவக்கு வியாபாரி 25 வருசம் ஒதுங்கி இருந்தா ஊருக்கு ஒண்டும் இல்லை. டொக்டர் ஒதுங்கி இருந்தா?

#11 பாலைப்பழம்

எங்கட பக்கம் உது இல்லை எண்டு நினைக்காதேங்கோ. வவுனியாவில ஒரு தனியார் இடம். அங்க சனல் இருக்கிற பிள்ளையளின்ர டொக்டர் ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமையில வேற ஒரு இடத்திலயும் குறைஞ்ச காசுக்குப் பாத்துக்கொண்டிருந்தவர். "அங்க இருந்தா இங்க உங்கட பேர்ப்பலகையைக் கழட்டிப்போடுவம்" எண்டு சொல்லிப்போட்டினம். எழுத்தில ஒண்டும் இல்லை. அவரும் பேசாமல் நிப்பாட்டினார். செட்டிகுளத்துப் பக்கத்துச் சனம் ரெண்டு மடங்கு குடுத்துக் காட்டுது. அந்த இடத்தின்ர பேர் [நீக்கப்பட்டது]

#12 மட்டுறுத்துநர்

அக்கா, நிறுவனத்தின்ர பேரை எடுத்திட்டன். விசயம் இருக்கட்டும், பேர் வேண்டாம். களத்துக்கு வழக்கு வந்தா கோட்டடிக்குக் குடுக்க எங்களிட்டக் காசில்லை.

#13 வெள்ளைக்கோட்டு

அக்கா சொன்னது நடக்கிறதுதான். ஆனா இங்க அது முழுசாப் பலிக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. 1977இல இருந்து அரச டொக்டர்மார் கடமை நேரத்துக்கு வெளிய தனியார்ல பாக்கலாம். எண்டாலும் எங்கட சம்பளமும் பென்சனும் அரசாங்கத்திட்டத்தான். தனியார்க்காரன் பலகையைக் கழட்டினா வருமானம் குறையும், வேலை போகாது. காலமை போய்ப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில அதே நோயாளியைக் காசில்லாமல் பாக்கலாம். அமெரிக்காவில ஒரே கொம்பனிதான் சம்பளம், காப்புறுதி, கட்டடம் எல்லாம். விட்டா எல்லாம் போகுது.

#14 விதைநெல்லு

நொன் கொம்பீற் விளங்கீற்று. மற்றதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. கடுதாசி பாக்கிறது.

எங்கட ஊரில ஒருத்தர் இருக்கிறார், பேர் சொல்லமாட்டன். சண்டைக் காலத்தில வன்னிக்குள்ளயே படிச்சு, காயக்காரருக்கு வெட்டித் தைச்சவர். எத்தினை பேரின்ர உயிர் அவரின்ர கையால தங்கினது எண்டு அந்தக் காலத்தில இங்க இருந்த ஆக்களுக்குத் தெரியும். 2009க்குப் பிறகு அவரிட்ட ஒரு கடுதாசியும் இல்லை. இப்ப மோட்டர் வைண்டிங் கடை.

போன மாரிக்கு முதல் எங்கட பக்கத்து வளவில மரம் அரியிற மெசின் பொடியன் ஒருத்தன்ர துடையில ஏறீற்று. ரத்தம் பாயுது. ஆள் ஓடி வந்தார். சாரத்தைக் கிழிச்சு மேல கட்டி, தடியைச் செருகி முறுக்கினார், ரத்தம் நிண்டிட்டுது. பிறகு என்ர சட்டைப் பையில இருந்த பேனையை இழுத்தெடுத்துப் பொடியன்ர நெத்தியில கட்டின நேரத்தை எழுதினார், 4.20 எண்டு. "இதைக் கழுவ விடாதேங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ" எண்டார். அம்பியூலன்ஸ் வந்து கேக்க, "நான் இல்லை, ஊராக்கள் கட்டினது" எண்டு சொல்லிப்போட்டுக் கடைக்குப் போட்டார். பொடியனுக்குக் கால் இருக்கு.

இப்ப சொல்லுங்கோ. கடுதாசி உள்ளவர் இடமாற்றத்தில போறார். கை உள்ளவருக்குக் கடுதாசி இல்லை. உந்தச் சரிபார்ப்பு ஆரைக் காப்பாத்துது?

#15 வெள்ளைக்கோட்டு

விதைநெல்லு அண்ணை, அந்த ஆளைக் கண்டா நான் எழும்பி நிண்டு கும்பிடுவன். நெத்தியில நேரம் எழுதவேணும் எண்டது எங்கட ஹவுஸ் ஒபிசர்மாரிலயே சில பேருக்குத் தெரியாது. எண்டாலும் நான் உங்களோட ஒத்துவரமாட்டன்.

அவரின்ர கை நல்ல கை எண்டு உங்களுக்குத் தெரியும், ஏனெண்டால் பாத்திருக்கிறியள். இன்னொரு ஊரில இன்னொருத்தர் வந்து, "நானும் அப்பிடித்தான், சண்டைக்க படிச்சனான்" எண்டு பலகை போட்டா, அந்த ஊர்ச் சனத்துக்கு எப்பிடித் தெரியும்? பதிவு எண்டது டொக்டருக்குக் குடுக்கிற மரியாதை இல்லை. முன்னப்பின்ன அவரைக் கண்டிராத நோயாளிக்குக் குடுக்கிற உறுதி.

அமெரிக்காவில இந்தச் சரிபார்ப்பு இவ்வளவு இறுகினதுக்கு ஒரு பொடியன்ர கால்தான் பெரிய காரணம். 1960இல இலினோய் மாநிலத்தில சார்ள்ஸ்ரன் எண்ட சின்ன ரவுண். 18 வயசு. அமெரிக்கக் கால்பந்து விளையாட்டில கால் முறிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தான். எலும்பு முறிவில பெரிய அனுபவம் இல்லாத டொக்டர் மாக்கட்டுப் போட்டார். இறுக்கம். விரல் வீங்கிக் கறுத்து, நோவில கத்துறான், மணம் வருது. நேர்ஸ்மார் கண்டும் மேல ஒருத்தருக்கும் போகேல்லை. கடைசியா முழங்காலுக்குக் கீழ வெட்டி எடுத்தது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியள் சொன்னது, "டொக்டர் செய்த பிழைக்கு நாங்கள் பொறுப்பில்லை, நாங்கள் கட்டடம்தான் குடுத்தம்." 1965இல டார்லிங் வழக்கில இலினோய் உயர்நீதிமன்றம் அதை ஏற்கேல்லை. உள்ளுக்க நடக்கிற வைத்தியத்தைக் கவனிக்கிற பொறுப்பு ஆஸ்பத்திரிக்கும் இருக்கு எண்டிட்டுது. அதுக்குப் பிறகுதான் கடுதாசி பாக்கிறது பெரிய தொழிலா வளந்தது. ஒரு மாநிலத்தில பிழை விட்டுப்போட்டு அடுத்த மாநிலத்தில புது ஆளா இருக்கிறவையைப் பிடிக்க, 1990இல தேசிய தரவு வங்கி ஒண்டும் திறந்தது. நட்டஈடு கட்டினது, லைசன்ஸ் பறிபட்டது எல்லாம் அதில விழும்.

மாஸ்ரரின்ர மருமகளுக்கு நாலு மாசம் போறதுக்கு அது மட்டும் காரணமில்லை. அவ குடுக்கிற சான்றிதழை அப்பிடியே எடுக்கமாட்டினம். பல்கலைக்கழகத்திட்ட, பயிற்சி எடுத்த இடத்திட்ட, முந்தி வேலை செய்த ஆஸ்பத்திரியிட்ட நேரா எழுதிக் கேப்பினம். யாழ்ப்பாணத்தில இருந்து பதில் போகவேணும் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. பிறகு ஆஸ்பத்திரிக் குழு கூடவேணும். அது முடிய ஒவ்வொரு காப்புறுதிக் கொம்பனியும் தன்ர பட்டியலில சேர்க்கிறதுக்கு அதே கேள்வியளைத் திரும்பக் கேக்கும். பட்டியலில பேர் ஏறும் வரைக்கும் பார்த்த நோயாளிக்குப் பில் போடேலாது. முதல் கட்டம் நோயாளிக்காக. கடைசிக் கட்டம் முழுக்க முழுக்கக் காசுக் கணக்கு. ரெண்டையும் ஒரே பேரில கூப்பிடுறதால, கணக்குப் பிந்தினாலும் "பாதுகாப்புக்காக" எண்டு சொல்லித் தப்புகினம். அவ விலகிற ஆஸ்பத்திரி பதில் கடிதத்தை ரெண்டு மாசம் மேசையில வைச்சிருந்தா, நொன் கொம்பீற் இல்லாமலே அதே வேலை நடக்கும்.

இங்க அந்தத் தொல்லை இல்லை. இலங்கை மருத்துவ சபையில பதிவு இருந்து அமைச்சின்ர கடிதம் வந்தா, திங்கள் வந்து திங்களே வார்ட் றவுண்ட் போகலாம். ஆனா அந்த ஆள் இந்தச் சத்திரசிகிச்சையை எத்தினை தரம் செய்தவர் எண்டு ஒரு ஆஸ்பத்திரிக் குழுவும் இருந்து கேக்கிறதில்லை. எங்களுக்கு வாசலில சோதினை, உள்ளுக்க வந்தாச் சோதினை இல்லை. இதை எழுதினா என்ர ஆக்கள் கோவிப்பினம், பறவாயில்லை.

#16 பாலைப்பழம்

டொக்டர், ஒண்டை மறந்து போனியள். வன்னிக்கு எம்பிபிஎஸ் டொக்டர்மார் வராத காலம் முழுக்க ஆஸ்பத்திரியளைக் கொண்டு நடத்தினது ஆர்? அப்போதிக்கரி ஐயாமார். ஏஎம்பி, ஆர்எம்பி எண்டு பிறகு சொன்னது. முழுப் பட்டம் இல்லை, குறுகின பயிற்சி, ஆனா அரசாங்கமே பயிற்றி, சட்டத்திலயே இடம் குடுத்து, என்ன செய்யலாம், எங்க மேல அனுப்பவேணும் எண்டு வரம்பு கட்டி விட்டது. காய்ச்சல், பாம்புக்கடி முதலுதவி, பிள்ளைப்பேறு எல்லாம் அவையள்தான். தொண்ணூறுகளில அந்தப் பயிற்சியை நிப்பாட்டிப்போட்டினம். இருந்தவை ஒவ்வொருத்தராப் பென்சனுக்குப் போக, அந்தக் கதிரைக்குப் பட்டதாரி வரவேணும் எண்டு காத்திருக்கிறம்.

ஆகையால் முழுக் கடுதாசி, இல்லாட்டி ஒண்டுமில்லை எண்டு ரெண்டே ரெண்டு வழிதான் எண்டு நான் ஏற்கமாட்டன். விதைநெல்லு அண்ணை சொன்னவரை டொக்டர் ஆக்கச் சொல்லேல்லை. அம்பியூலன்சில ஒரு இடம் குடுக்கிறதுக்கு ஒரு பயிற்சி, ஒரு சோதினை, ஒரு துண்டு குடுக்கேலாதோ? இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அவரைக் கூப்பிட்டுக் கேக்கேல்லையே.

#17 வெள்ளைக்கோட்டு

அதுக்கு நான் மறுப்பு இல்லை அக்கா. வரம்பு எழுதி, சோதினை வைச்சு, பொறுப்பான டொக்டர் ஒருத்தருக்குக் கீழ எண்டால் நானே கையெழுத்து வைப்பன். அமெரிக்காவிலயும் ரெனசி மாநிலம் 2023இல ஒரு சட்டம் போட்டது, வெளிநாட்டில பயிற்சி முடிச்ச டொக்டர்மார் அங்க திரும்ப றெசிடென்சி செய்யாமல் மேற்பார்வையோட தற்காலிக லைசன்ஸ் எடுக்கலாம் எண்டு. டொக்டர் குறைஞ்சாச் சட்டக்காரரும் வளைஞ்சு குடுக்கத்தான் வேணும்.

எங்கட பிள்ளையளும் இருக்கினம். வெளிநாட்டில எம்பிபிஎஸ் முடிச்சு வந்து ஈஆர்பிஎம் சோதினையில நிக்கிறவை. அதைச் சுகமாக்கச் சொல்லி ஒரு நாளும் கேக்கமாட்டன். சோதினை பாஸ் பண்ணினாப் பிறகும் உள்ளகப் பயிற்சிக்கு மாதக்கணக்கில வீட்டில இருத்தி வைக்கிறதுக்குத்தான் எனக்குக் கோவம். அந்தக் காத்திருப்பால ஒரு நோயாளிக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை. அந்த மாசங்களிலதான் பிள்ளையள் லண்டன் சோதினைக்குப் படிக்கத் தொடங்குகினம்.

#18 கணக்குப்பிள்ளை

டொக்டர் ஒரு கேள்வி. வன்னிக்கு எண்டே ஒரு பொண்ட் வைச்சா? ஆஸ்பத்திரியோட, மூண்டு வருசம், கூடுதல் காசு, நல்ல குவாட்டர்ஸ். இடையில போனா மிச்சத்தைத் திருப்பிக் கட்டவேணும். வட்டம் கிட்டம் ஒண்டும் இல்லை.

#19 வெள்ளைக்கோட்டு

குவாட்டர்ஸ் எண்ட சொல்லை எழுதினியள், போதும். கூரை ஒழுகாத குவாட்டர்சும், பிள்ளையைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடமும், இரவு ஒன்கோலுக்கு ரெண்டாவது ஆளும் தந்தா எங்களில பாதிப் பேர் பொண்ட் இல்லாமலே நிப்பம். மிச்சப் பாதி எந்தப் பொண்டுக்கும் நிக்காது.

#20 தண்ணிமுறிப்புப்_பொடியன்

அண்ணைமார் அக்காமார், இடையில வந்து கேக்கிறன். எங்கட சந்தியில புதுசா ஒருத்தர் கிளினிக் போட்டிருக்கிறார். பலகையில டொக்டர் எண்டு இருக்கு, கீழ நாலஞ்சு எழுத்து, ஒண்டும் விளங்கேல்லை. அம்மம்மாவுக்கு ஊசி போட்டவர். ஆள் பதிவு உள்ளவரோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? நேர கேட்டாக் கோவிப்பாரோ?

#21 கோட்டடி

கோவிச்சா அதுவே உனக்குப் பதில், தம்பி. அவர் தந்த மருந்துத் துண்டில சீல் இருக்கோ பார், பேரும் மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் இருக்கவேணும். இலங்கை மருத்துவ சபையின்ர இணையத்தளத்தில பேரையோ இலக்கத்தையோ போட்டுத் தேடலாம். இடத்துக்குத் தனிப் பதிவு. 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில பதியவேணும். பதிவுச் சான்றிதழ் சுவரில தொங்குதோ எண்டு பார்.

#22 பாலைப்பழம்

தம்பி, என்ன ஊசி போட்டவர்? துண்டில பேர் இருந்தா எனக்குத் தனிமடலில படம் எடுத்து அனுப்பு. அம்மம்மாவுக்குச் சீனி, பிறசர் ஏதும் இருக்கோ எண்டும் எழுது. கிளினிக் கொப்பி இருந்தா அதின்ர கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. நான் இண்டைக்கு இரவு ட்யூட்டி, முழிப்புத்தான்.